அஸ்திவாரத்தில் ஒரு சிவப்பு மூட்டை

"ஐயய்யோ... எலும்பு!"

கொத்தனார் பேயாண்டி போட்ட அலறலில் பஞ்சாயத்து போர்டு கட்டடமே ஒரு தடவை குலுங்கியது.

குலுங்காமல் என்ன செய்யும்? அவ்வளவு பழைய கட்டடம்!

1938, மார்ச். கல்லுப்பட்டிச் சாலையில் வேப்பனூத்து கிராமம். கட்டடத்தில் இருப்பது ஒரே அறை. பாதி போர்டு ஆபீஸ், பாதி வாசகசாலை. போர்டு மீட்டிங் கூடினால் வாசகர்கள் பேப்பரும் கையுமாகத் தெருவுக்கு வந்துவிட வேண்டும்.

இந்தக் கண்றாவியைத் தீர்க்கத்தான் பின்பக்கம் புது ஹால், கண்ணாடி ஜன்னல், ரேடியோவுக்குத் தனி மேடை என்று சர்க்கார் அனுமதி தந்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மாதக் கடைசியில் மதுரை எஞ்சினியர் வரும்போது அஸ்திவாரம் முடிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் வாசகசாலை பக்கத்து ஊருக்குப் போய்விடும். லைப்ரேரியன் தனிஸ்லாஸின் வேலையும் போய்விடும்!

மிச்சம் இருப்பது ஒன்பதே நாள்.

தனிஸ்லாஸ் ஓடி வந்தார். குழிக்குப் பத்தடி தள்ளி நின்றுகொண்டார். பயமா? சேச்சே... முன்ஜாக்கிரதை!

குழிக்குள் ஒரு சிவப்புத் துணி மூட்டை. அதன் கிழிசலில் ஓர் எலும்பு எட்டிப் பார்த்தது.

"யாரும் தொடாதீங்க! இது கொலை!"

"கொலைன்னு எப்படிய்யா தெரியும்?" என்றான் பேயாண்டி.

"இருநூறு மர்ம நாவல் படிச்சவன் சொல்றேன். தொட்டா தடயம் கலைஞ்சிரும். போலீசைக் கூப்பிடுங்கப்பா!"

கூப்பிட்டார்கள். அந்த நிமிஷமே மனுஷருக்குச் சனி பிடித்தது.

சப்-இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்து இறங்கினார். அவரும் பத்தடி தள்ளித்தான் நின்றார்.

"செத்தது யாருய்யா?"

"அது தெரியலை சார். ஆனா... கொன்னவனைத் தெரியும்!"

கூட்டம் வாயைப் பிளந்தது. தனிஸ்லாஸுக்கு உச்சி குளிர்ந்தது.

"இது ஆபீஸ் ரிக்கார்டு கட்டுற சிவப்புத் துணி சார். இந்த ஊர்ல அது யாருகிட்ட இருக்கு? போர்டு கிளார்க் காசிமாயன்கிட்ட!"

காசிமாயன் மென்றுகொண்டிருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டான்.

"சரி, இவனை ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "மூட்டையை அவுக்க மதுரையிலேருந்து டாக்டர் வரணும். பதினஞ்சு நாளாகும். அதுவரைக்கும் ஒரு கடப்பாரை இங்க இறங்கக் கூடாது!"

பதினைந்து நாள்!

தனிஸ்லாஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். தன் வாயாலேயே தன் வேலைக்கு உலை வைத்துக்கொண்டாரே!

"சார், அண்ணன்கிட்ட ஒரே ஒரு வார்த்தை பேசிட்டு வாரேன்" என்று காசிமாயன் தனிஸ்லாஸை ஓரமாக இழுத்துப் போனான்.

"அண்ணே, உங்களுக்குக் கூறு இருக்கா? போன வருசம் மாசி மாசம் எங்க கோயில்ல கிடா வெட்டுனோமே..."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"உங்களுக்கு அப்பத் தவக்காலம், கறி தொடக் கூடாது. கறி வாசம் மதினிக்குத் தெரியக் கூடாதுன்னு, ரிக்கார்டுக் கட்டு மாதிரி சிவப்புத் துணியில சுத்திக் கறிச்சோறு கொண்டாந்தேன்ல? தின்னுட்டு எலும்பை என்ன செஞ்சீங்க?"

தனிஸ்லாஸ் குழிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"துணியோட... சுவத்துக்குப் பின்னால... புதைச்சேன்..."

"அதான் நீங்க கண்டுபிடிச்ச கொலை!"

"அட மடையா! முதல்லயே சத்தமாச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லலாம்ணே. அங்க பாருங்க."

கூட்டத்தின் முன் வரிசையில் அவர் மனைவி இன்னாசியம்மாள். கையில் ஜெபமாலை. அவர் வேலை நிலைக்க வேண்டும் என்று இந்தத் தவக்காலம் நாற்பது நாளும் கருவாட்டைக்கூடத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டவள்!

சொன்னால் வீட்டில் பிரளயம். சொல்லாவிட்டால் ஹால் இல்லை.

அந்த ஹாலைப் பதினோரு வருஷமாக மனசுக்குள் கட்டிக்கொண்டிருந்தார் தனிஸ்லாஸ். எந்த அலமாரி எந்த மூலை என்பதுகூட அவருக்கு மனப்பாடம். அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

"சார்! குற்றவாளி நான்தான்!"

"நீ கொன்னியா?"

"தின்னேன் சார்!"

கூட்டம் நாலடி பின்வாங்கியது.

"ஆட்டை சார்! ஆட்டை!"

சப்-இன்ஸ்பெக்டர் லத்தி நுனியால் மூட்டையைப் பிரித்தார். வரிசையாக நல்லி எலும்பு!

"அட பாவி மனுசா!" இன்னாசியம்மாள் பொங்கினாள். "தவக்காலத்துல கறியா? உங்களுக்காக நான் கருவாட்டை மோந்துகூடப் பாக்காம கிடக்கேன். சாமியார் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்? நீங்கள்லாம் ஒரு..."

"வீட்டுல போய் வச்சுக்கம்மா!" என்றார் சப்-இன்ஸ்பெக்டர். "பேயாண்டி, நீ வேலையைப் பாரு."

கடப்பாரை இறங்கியது.

"ஐயய்யோ... இன்னொரு மூட்டை!"

லத்தி மறுபடி பிரித்தது. மறுபடி நல்லி எலும்பு! இந்த எலும்பில் இன்னும் ஈரம் காயவில்லை.

"இதுவும் நீதானாய்யா?"

"இல்ல சார்! சத்தியமா என்னுது ஒரு மூட்டைதான்!"

சொல்லிவிட்டுத்தான் துணியைப் பார்த்தார். நீலப் பூப் போட்ட ரவிக்கைத் துணி. கிறிஸ்துமஸுக்கு அவரே மதுரையில் அலைந்து எடுத்து வந்தது!

இருநூறு நாவல் படித்தும் வராத மூளை அப்போது வந்தது. தினமும் மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வருவது யார்? மெல்லத் திரும்பினார். திட்டிக்கொண்டிருந்த வாய் கப்பென்று மூடியிருந்தது.

இன்னாசியம்மாள் பக்கத்தில் வந்து அவர் காதோடு சொன்னாள்.

"என்னங்க... காசிமாயன் பொண்டாட்டி மாயக்காள் கறிச்சோத்தைக் கையைப் பிடிச்சுக் கொடுத்துட்டா. எப்படி வேணாங்கிறது? ஒண்ணை ஒத்துக்கிட்டீங்க. கூட இன்னொண்ணையும் ஒத்துக்கிட்டா குறைஞ்சா போயிருவீங்க?"

தனிஸ்லாஸ் கையைத் தூக்கினார்.

"சார்... அதுவும் நான்தான்."

சப்-இன்ஸ்பெக்டர் அவரைப் பார்த்தார். ரவிக்கைத் துணியைப் பார்த்தார். அந்த அம்மாவையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு சைக்கிளில் ஏறினார்.

"பேயாண்டி! நிறுத்தாமத் தோண்டுய்யா. இந்தக் குடும்பம் தின்ன எலும்பையெல்லாம் எடுத்து முடிக்கிறதுக்குள்ள மாடிக்கும் சேத்து அஸ்திவாரம் ரெடியாயிரும்!"