கவிழ்த்துப் போட்ட கல்

"அப்பா, அந்தக் கல்லைத் திருப்புங்க."

அந்தக் குடும்பத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம், இதை மட்டும் கேட்கக்கூடாது. ஏழு வயதில் ஸ்தமாத்தியா ஒருமுறை கேட்டு, கன்னம் வீங்கிக் கற்றுக்கொண்ட பாடம் அது. இப்போது இருபத்தொன்பது வயதில், கிரேக்கத்தின் ஹல்கிதா ஊர் மீன்சந்தை மதிய ஓய்வுக்கு ஷட்டரை இறக்கிய வேளையில், அருங்காட்சியகச் சீருடையோடு வந்து நின்று அதையே கேட்டாள்.

அப்பா ஆர்கீரிஸ் குழாயை நிறுத்தவில்லை. மீன் வெட்டும் பளிங்குக் கல்லில் ஒட்டியிருந்த செதில்களை இடது கையாலேயே தள்ளினார். வலது கை நாற்பது வயதிலேயே மரத்துப்போயிற்று. தாத்தாவுக்கும் அப்படித்தான். ஐஸில் புழங்குகிற பிழைப்புக்கு இதெல்லாம் சகஜம் என்பார்கள்.

"படிச்சவ வந்துட்டா," என்றான் தம்பி சராந்திஸ். "சீட்டுக் கிழிக்கிற வேலைக்கே இவ்வளவு திமிராக்கா?"

மூன்றாவதும் பெண்ணாகப் போனதில், பெண் பிறப்பது இத்தோடு நிற்கட்டும் என்று, 'நில்' என்ற பொருளில் வைத்த பெயர் அவளுடையது. நின்றது, சராந்திஸ் பிறந்தான். அவனுக்குக் கடை. அவளுக்கு, யாரும் கேட்காமலே, புத்தகம். வழக்கமாக அவனுக்கு வாய்க்கு வாய் பதில் கொடுப்பாள். இன்று அவன் வலது கையை ஏப்ரனுக்குள் ஒளித்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அருங்காட்சியகத்தில் அவளுக்கு எட்டு மாத ஒப்பந்தக் காவல் வேலை. அவள் நிற்கும் கூடத்தில் பழங்காலக் கல்லறைக்கல் ஒன்றின் பாதி உண்டு. இறந்துபோன பெண் ஒருத்தி நாற்காலியில் அமர்ந்து, விடைபெற யாருக்கோ கை கொடுக்கிறாள். மணிக்கட்டோடு உடைந்திருக்கிறது. எப்போதோ ஊர் நடுவே ஓடும் கடல்கால்வாயைத் தூர்வாரியபோது சிக்கியது, மறுபாதி கிடைக்கவில்லை. தினமும் காலையில் அந்த மணிக்கட்டுக்கு நேர் கீழே தரை ஈரமாக இருக்கும். மீன் வாடை அடிக்கும். "உன்கூடவே வருது போல," என்று மேற்பார்வையாளர் அம்மாள் மூக்கைப் பொத்தினாள். ஸ்தமாத்தியா ஈரத்தைத் துடைத்தாள். ஆள் இல்லாத நேரம் பார்த்து, உடைந்த விளிம்பில் காகிதம் வைத்துப் பென்சிலால் வடிவெடுத்துக்கொண்டாள்.

அந்தக் காகிதத்தை இப்போது புரட்டிப் பிடித்து, கடைக்கல்லின் கரடுமுரடான ஓரத்தில் வைத்தாள்.

பல்லுக்குப் பல் பொருந்தியது.

அப்பா குழாயை மூடினார். மறைத்துப் பயனில்லை என்று தெரிந்ததும் கொட்டித் தீர்த்தார். தாத்தா வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டியபோது கிடைத்த கல். பக்கத்துத் தெருக்காரன் ஒருவன் இப்படிக் கிடைத்ததைத் தொல்லியல் துறையிடம் உள்ளபடி சொல்லிவிட்டு, அவர்கள் வேலி போட்ட தன் மனையைப் பார்த்தபடியே பதினோரு வருஷம் வாடகை வீட்டில் கிடந்தான். தாத்தா அந்தத் தப்பைச் செய்யவில்லை. கடப்பாரையை எடுத்து, கோத்திருந்த கைகளின் மேலேயே இறக்கினார். ஒரு பாதி கால்வாய்க்கு. மறுபாதி கடைக்கு, முகம் கீழே.

"நீ போய்ச் சொன்னா கடைக்குச் சீல் வைப்பான். என்னை உள்ள தள்ளுவான். இவனுக்கு நீயா சோறு போடுவ?"

"அவன் கையைப் பாருங்கப்பா. டேய், விரலை மடக்கு."

சராந்திஸ் சிரித்தபடி கையை வெளியே எடுத்தான். சிரிப்பு பாதியில் நின்றது. விரல்கள் மடங்கவில்லை. யாருக்கோ கைகொடுக்க நீட்டியது போல் விறைத்திருந்தன.

அப்பாவின் கையும் அப்படியேதான் இருந்தது. இத்தனை வருஷமாக.

அப்போது வெளியே கால்வாயின் இரைச்சல் நின்றது. தினமும் பலமுறை ஓட்டம் திசை மாறும் கால்வாய் அது, மாறுவதற்கு முன் தண்ணீர் சில நிமிஷம் அசையாமல் நிற்கும். ஊரில் எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் கடைக்குள் குழாய் சொட்டுவதும் நின்றது. ஐஸ் நொறுங்கும் சத்தமும் நின்றது.

மீன் வாடை போய், புதிதாகத் தோண்டிய மண்ணின் வாடை வந்தது.

கல் வியர்த்தது.

ஸ்தமாத்தியா குனிந்து, கல்லைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் இடைவெளி வழியே அதன் அடியில் வலது கையை விட்டாள். "வேண்டாம்டி," என்றார் அப்பா. அவர் கெஞ்சும் குரலை அவள் அதுவரை கேட்டதே இல்லை. துணியின் மடிப்புகள் தட்டுப்பட்டன. முழங்கை. மணிக்கட்டு. எல்லாம் ஜில்லென்ற பளிங்கு.

உள்ளங்கை மட்டும் சூடாக இருந்தது.

அது அவள் கையைப் பற்றி மூடிக்கொண்டது.

இழுத்துப் பார்த்தாள், கை வரவில்லை. எவ்வளவு நேரமோ. வெளியே தண்ணீர் எதிர்த்திசையில் ஓடத் தொடங்கியதும் பிடி தளர்ந்தது.

"உன்னையும் பிடிச்சுதா?" தம்பி கிசுகிசுத்தான்.

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"எல்லாரையும் பிடிக்கும். வெளிய சொல்றதில்ல, அவ்வளவுதான்."

தெரிந்திருக்கிறது. தெரிந்தே தன் கையைக் கொடுத்திருக்கிறார். தெரிந்தே மகனையும் இந்தக் கல் முன்னால் நிறுத்தியிருக்கிறார். பயத்தை மீறிக் கோபம் வந்தது. அவள் காகிதத்தைச் சுருட்டினாள்.

"வாசலைத் தாண்டினா திரும்பி வராத," என்றார்.

"சராந்திஸ், இனிமே அதுல கை வைக்காத," என்றாள் அவள். ஷட்டரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

சந்தைத் தெருவில் ஒரு பூனைகூட இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. காகிதச் சுருள் இடது கையில். வலது கை முன்னால் நீண்டபடியே இருந்தது; மடக்கப் பார்த்தாள், மடங்கவில்லை. புறங்கையில் நான்கு விரல் அகலத்துக்கு ஈரம், அந்த வெயிலிலும் காயாமல்.

எங்கே போவது, என்ன சொல்வது என்பதைக் கடைக்குள்ளேயே தீர்மானித்தாயிற்று. அருங்காட்சியகத் தெருவின் முனை வந்தது.

அவள் திரும்புவதற்கு முன்பே, நீண்டிருந்த வலது கை அந்தப் பக்கம் திரும்பியது.