கேபினின் தரைக் கண்ணாடி

டவர் கிரேனின் கேபினுக்குள் ஏறியதும் புது ஆபரேட்டர் காக்கா முதலில் பார்த்தது தரைக் கண்ணாடியைத்தான். ஆபரேட்டரின் காலுக்கு அடியில் இருக்கும் அந்தக் கண்ணாடி வழியாகத்தான் கொக்கியும், கொக்கிக்குக் கீழே நிற்கிற ஆளும் தெரிவார்கள். அதில் யாரோ கறுப்பு கிரீஸை அள்ளி அப்பியிருந்தார்கள். நடுவில் மட்டும் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வழித்த தடம். துடைக்கத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டுப் போனது போல.

"முன்னாடி இருந்த ஆபரேட்டர் சரியான சோம்பேறி, மாப்ள," என்றான் வாக்கி-டாக்கியில்.

"நீ மட்டும் என்னவாம்? சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்து வைக்க மாட்டேங்குறன்னு உன் தங்கச்சி புலம்புறா," என்று கீழேயிருந்து பதில் வந்தது.

எந்நேரமும் உச்சியில் குந்தியிருப்பவனுக்குக் காக்கா என்றுதான் பெயர் விழும். கீழே பேசியவன் தங்கை புருஷன். சுமையைச் சுற்றி ஸ்லிங் என்ற கம்பிக் கயிற்றை மாட்டி, கைச் சைகை காட்டித் தூக்கச் சொல்லும் ரிக்கர். பழைய இடத்தில் வேறொரு ஆபரேட்டர் இறக்கிய தகடு, அவன் இடது சுண்டு விரலில் பாதியைக் கொண்டுபோய்விட்டது. அன்றோடு தங்கை கறாராகச் சொல்லிவிட்டாள். "மேல எங்கண்ணன் இருந்தாத்தான் நீங்க கொக்கிக்குக் கீழ நிக்கணும். வேற எவனாவது இருந்தா வீட்டுக்கு வந்துடுங்க."

அதனால் இருவரும் சேர்ந்தேதான் வேலைக்குப் போவார்கள். மாப்பிள்ளை தன் ஆரஞ்சு கையுறையில் காலியாகத் தொங்கும் சுண்டு விரலை மடித்து, சிவப்பு டேப் சுற்றியிருப்பான். அவ்வளவு உயரத்திலிருந்து பார்த்தால் முகம் தெரியாது. அந்தச் சிவப்புதான் அவன் முகம்.

டீ நேரத்தில் வெல்டர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"இந்தக் கட்டடம் ஏன் பாதியில நின்னுச்சுன்னு சொன்னாங்களா?"

"இல்லையே."

"ஒரு ரிக்கர் உத்திரத்துல ஸ்லிங்கைச் சரி பண்ணிட்டிருந்தான். சூப்பர்வைசர் சீக்கிரம் சீக்கிரம்னு வாக்கி-டாக்கில கத்துனாரு. மேல இருந்தவன் கையைப் பாக்கல. சத்தத்தைக் கேட்டுத் தூக்கிட்டான். ஸ்லிங் இறுகி ரெண்டு கையும் உள்ள மாட்டிக்கிச்சு. ஆளும் கூடவே மேல போனான்." வெல்டர் பிஸ்கட்டை டீயில் நனைத்துக் கடித்தான். "அப்புறம் ஆள் கீழ வந்துட்டான். கை வரல."

"மேல இருந்தவன்?"

"இறங்க மாட்டேன்னு அடம் புடிச்சான். நாங்கதான் ஏறிப் போய் இழுத்துட்டு வந்தோம். கண்ணாடியப் பாக்காதீங்க, கண்ணாடியப் பாக்காதீங்கன்னு அதையே சொல்லிட்டிருந்தான்."

காக்கா திரும்ப ஏறியதும் மண்ணெண்ணெய் ஊற்றித் தரைக் கண்ணாடியைப் பளிச்சென்று துடைத்தான். பிறகு வாக்கி-டாக்கியை வாயருகே கொண்டுபோனான்.

"மாப்ள, இனிமே இதை ஆஃப் பண்ணி வச்சிடுவேன். எவன் கத்துனாலும் எனக்குக் கேக்காது. கை மட்டும்தான்."

"சரிடா, செவிட்டுக் காக்கா."

மறுநாள் காலை பனி மூடிக்கிடந்தது. கொக்கியின் கம்பி கொஞ்ச தூரம் இறங்கி, வெள்ளைக்குள் காணாமல் போனது. அந்த மூட்டத்தில் சுமை தூக்கக் கூடாது. சூப்பர்வைசரைப் பொறுத்தவரை அதெல்லாம் வேலைக்காரன் சொல்கிற சாக்கு.

கேபினுக்குள் ஈர இரும்பின் வாடை. அதற்கு அடியில் இன்னொரு வாடை, கெட்டுப்போன கறியைப் போல. காக்கா குனிந்து கண்ணாடியைப் பார்த்தபடி காத்திருந்தான்.

பனிக்குள் இரண்டு ஆரஞ்சுப் புள்ளிகள் தெரிந்தன. கையுறைகள். ஒன்றின் ஆட்காட்டி விரல் மேலே நீண்டு, வட்டம் போட்டது.

தூக்கு.

லீவரை இழுத்தான்.

கம்பி விறைத்தது. மோட்டார் முனகியது. விரல் இன்னும் வேகமாகச் சுற்றியது. தூக்கு, தூக்கு.

உத்திரம் பனியைக் கிழித்துக்கொண்டு மேலே வந்தது. அதோடு மாப்பிள்ளையும் வந்தான்.

இரண்டு கையும் மணிக்கட்டு வரை ஸ்லிங்குக்குள் நசுங்கியிருந்தன. கால்கள் காற்றை உதைத்தன. வாய் கிழிந்துவிடும் போலத் திறந்திருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

இடது சுண்டு விரலில் சிவப்பு டேப்.

காக்கா கீழே பார்த்தான்.

கையுறைகள் அங்கேயே இருந்தன. விரல் சுற்றிக்கொண்டேயிருந்தது. எதிலும் சிவப்பு இல்லை.

ஒரு கை லீவரை விட்டது. மறு கையால் வாக்கி-டாக்கியைத் திருகினான். சூப்பர்வைசர் கத்திக்கொண்டிருந்தார்.

"—நிறுத்துடா பாவி! யாருடா தூக்கச் சொன்னா? அவன் கை உள்ள இருக்குடா!"

ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சட்டென்று நின்றதில் உத்திரம் ஒரு குலுக்குக் குலுங்கியது. அந்தக் குலுக்கலே போதுமாக இருந்தது. எலும்பு முறிந்தது, தோல் கொஞ்ச நேரம் தாங்கியது, பிறகு அதுவும் விட்டது. மாப்பிள்ளை காக்காவைப் பார்த்தபடியே பனிக்குள் போனான்.

விழுந்த சத்தம் வாக்கி-டாக்கியில் வந்தது.

உத்திரம் மெல்லச் சுழன்று கேபினுக்கு நேராக வந்தது. அதைப் பிடித்தபடி இரண்டு கையுறைகள். அறுந்த மணிக்கட்டுகளிலிருந்து இரத்தம் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

கீழே, மற்ற இரண்டும் உள்ளங்கையைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் விரிந்தன.

போதும், நிறுத்து.

பிறகு அவை பனிக்குள் அணைந்தன.

சட்டைப் பையில் ஃபோன் அடித்தது. தங்கை. காக்கா எடுக்கவில்லை. ஏணியில் பூட்ஸ் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. பனி கலையத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கீழே கிடப்பது தெரிந்துவிடும். அவன் சீட்டுக்கு அடியிலிருந்த கிரீஸ் டப்பாவை இழுத்தான். இரண்டு கையாலும் அள்ளி, ஓர் ஓட்டை விடாமல் தரைக் கண்ணாடியில் அப்பினான். சீட்டின் மேல் காலைத் தூக்கிவைத்து, முழங்காலைக் கட்டிக்கொண்டான்.

ஃபோன் ஓய்ந்தது.

சீட்டுக்குக் கீழே ஏதோ தேய்க்கிற சத்தம் கேட்டது.

கேபினுக்குள் அவனைத் தவிர யாரும் இல்லை. கறுப்பு கிரீஸ் தானாக வழிந்து விலகியது. முதலில் ஓர் உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக.

கட்டை விரல். அடுத்து மூன்று.

கடைசி விரலின் தடம் பாதியில் நின்றது.