சல்லடையில் நின்ற கேள்விகள்

பிற்பகல் ஒன்று பதினேழுக்குத் தர்ஷினியின் கீற்று வெளியாயிற்று. “சாப்பிட்டாயிற்று. வெண்டைக்காய்ப் பொரியல், தயிர். முக்கால் வயிறு.”

இதை அவள் எழுதவில்லை. அவள் இடது மணிக்கட்டில் இருந்த காப்பு எழுதியது. வயிறு நிறைந்ததை அதுவே உணர்ந்து, கோயம்புத்தூரில் அவளைத் தெரிந்த நானூறு பேருக்கும் அதுவே அனுப்பி வைத்தது. இரண்டு தலைமுறைக்கு முன்பு மனிதர்கள் இப்படிப்பட்ட ஒற்றை வரிகளைத் தாங்களே யோசித்து, விரலால் தட்டி, யாராவது பார்த்தார்களா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். பாவம். கீற்றுக்காப்பு வந்த பிறகு அந்தப் பாடு இல்லை. எழுந்தாயிற்று, பேருந்தில் இடம் கிடைத்தது, லேசாகத் தலைவலி என்று மணிக்கு இரண்டு மூன்று வரி தானாகவே போய்விடும்.

எல்லோரைப் பற்றியும் எல்லோருக்கும் தெரிந்த பிறகும் ஒரு தொல்லை பாக்கி இருந்தது. இந்த ஊர்க்காரர்கள் தெரிந்ததையே கேட்பார்கள். காய்கறிப் பையோடு போகிறவரிடம் “ஏனுங்க, சந்தைக்குங்களா?” என்பார்கள். ஈரத்தலையோடு நிற்பவரிடம் “குளிச்சாச்சுங்களா?” என்பார்கள். வாசலில் செருப்பைக் கழற்றுகிறவரிடம் “வந்துட்டீங்களா?” என்பார்கள். வராமலா செருப்பைக் கழற்றுகிறார்? ஆனாலும் கேட்பார்கள். அவரும் சலிக்காமல், “ஆமாங்க, வந்துட்டனுங்க” என்பார். நேரில் கேட்டது போதாதென்று காப்பு வழியாகவும் இதையே கேட்டார்கள்.

இந்தத் தொல்லையைத் தீர்த்து வைத்தவள் தர்ஷினிதான். கீற்றகம் நிறுவனத்தில் ஒன்பது வருடங்களுக்கு முன்பு அவள் உருவாக்கிய கருவிக்குக் கேள்விச்சல்லடை என்று பெயர். காப்பை வாயருகே கொண்டுபோய் யாரிடமாவது ஒன்றைக் கேட்டால், அதற்கு விடை அவருடைய கீற்றுகளில் ஏற்கெனவே இருக்கிறதா என்று சல்லடை பார்க்கும். இருந்தால் கேள்வி அவரிடம் போகாது. கேட்டவரின் காதிலேயே விடையைச் சொல்லி முடித்துவிடும். மாவட்டத்தில் மட்டும் ஒரு நாளைக்கு மூன்று கோடி வீண் கேள்விகள் மிச்சமாயின. தர்ஷினிக்கு மேடை போட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள்.

மேலாளர் யஷ்வந்த் அவள் அறைக்கு வந்தபோது, அவள் தன் காப்பில் ஒரே ஒரு வரியை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். யஷ்வந்துக்கு அறுபது வயது, தொப்பை, முழங்கால் வலி. யஷ்வந்த், தர்ஷினி என்பதெல்லாம் அப்போது நரைத்த தலைகளின் பெயர்கள். பிள்ளைகளுக்கு மறுபடியும் நாச்சிமுத்து, காளியம்மாள் என்று வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

“தர்ஷினி, கெடங்குல எடமே இல்லீங்க. அந்தக் கப்பியப் பூரா அழிச்சு உட்டுருங்க. சாயந்தரத்துக்குள்ள ஆகோணும்.”

மாவு சலித்தால் சல்லடையில் கப்பி நிற்கும் அல்லவா? அதுபோலத் தடுக்கப்பட்ட கேள்விகளெல்லாம், கேட்டவர் குரலிலேயே, நிறுவனத்தின் சேமிப்புக் கிடங்கில் ஒன்பது வருடமாகக் குவிந்து கிடந்தன. போகாத கேள்வி காற்றோடு போயிற்று என்றுதான் வெளியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

“செஞ்சர்றனுங்க” என்றாள் தர்ஷினி. அவள் கண் காப்பிலேயே இருந்தது.

அவள் பார்த்துக்கொண்டிருந்தது அவள் கணவன் பிரணவின் கீற்று. “மிதவைக் காற்றாலைப் பணி, மூன்று வருடம். ஒப்பமிடும் நேரம்: இன்று மாலை ஆறு மணி.” உடுமலைப் பக்கத்தில் காற்றாலைகளைப் பழுதுபார்க்கிறவன் பிரணவ். கடலுக்குள் நிற்கும் மிதவைகளில் வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். வருடத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்கு வர முடியும். பதினெட்டு வருடக் கல்யாணத்தில் அவர்கள் சண்டை போட்டதில்லை. ஆனால் கொஞ்ச வருடமாகப் பேசிக்கொண்டதும் இல்லை. பேச என்ன இருக்கிறது? அவன் கிளம்பியது, வந்தது, முதுகு வலிப்பது எல்லாம் அவள் மணிக்கட்டில் இருந்தது. அவளுடையது அவன் மணிக்கட்டில் இருந்தது. போவதைப் பற்றி அவன் தன்னிடம் கேட்பான் என்று ஒரு மாதமாக அவள் காத்திருந்தாள். அவன் கேட்கவில்லை. நான் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்த மனுசனுக்கு ஒன்றுதான் போலிருக்கிறது என்று அவள் முடிவுகட்டியிருந்தாள். அந்த நினைப்பு அவளுக்கு வலித்தது.

கப்பியை அழிக்குமுன் அதைக் கொஞ்சம் கிளறிப் பார்ப்பது முறை. தர்ஷினி பட்டியலைத் திறந்தாள். புதிதாகக் காப்புப் போட்டவர்கள் மூன்று வாரத்தில் திருந்திவிடுகிறார்கள் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் ஒன்பது வருடமாகியும் திருந்தாதவர்கள் மாவட்டத்தில் ஆறாயிரம் பேர் இருந்தார்கள். அவர்களில் முதலாவதாக நின்ற ஆளுக்குப் பக்கத்தில் கருவி ஒரு குறிப்பு எழுதியிருந்தது: “விடை கிடைத்த பிறகே கேட்கிறார். தினமும் கேட்கிறார். காப்பில் பழுதா என்று பார்க்கவும்.”

அந்த ஆள் உடுமலைக் காற்றாலையில் வேலை செய்பவன். கேள்விகள் எல்லாம் ஒரே ஒருத்திக்கு. மொத்தம் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு.

தர்ஷினி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். கேட்பொறியைக் காதில் மாட்டி முதல் கேள்வியைத் திறந்தாள்.

“சாப்ட்டயா அம்மணி?”

பின்னால் காற்றாலை சுற்றும் சத்தம். பிரணவின் குரல்தான். அடுத்த நாள், “சாப்ட்டயா?” அதற்கடுத்த நாள், “காத்தால இருமீட்டே போனயே. சாப்ட்டயா?” இன்னொரு நாள், “இங்க மழ வர்றாப்பல இருக்குது. மேல ஏறி நின்னா உங்க ஆபீஸ் தெசை தெரியுது. சாப்ட்டயா?” அவள் அப்பா இறந்த வாரத்தில் ஒரு நாள், மெதுவாக, “ஒரு வாயாச்சும் சாப்ட்டயா கண்ணு?”

ஒவ்வொன்றையும் அவளுடைய கீற்று வெளியான இரண்டாவது நிமிடத்தில் கேட்டிருந்தான். சாப்பிட்டுவிட்டாள் என்று படித்துவிட்டுத்தான் கேட்டிருக்கிறான். கேள்வியோடு ஒட்டிக்கொண்டு வந்த இருமலையும் மழையையும் சல்லடை சேர்த்தே நிறுத்தியிருந்தது. அரைகுறையாகப் போனால் குழப்பம் வரும், முழுவதையும் நிறுத்து என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான்.

அவளுக்கு ஒன்று நினைவு வந்தது. சல்லடை வந்த புதிதில் ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழைந்தவளைப் பார்த்துப் பிரணவ், “மத்தியானம் சாப்ட்டயா?” என்று கேட்டான். அவள் சிரித்துக்கொண்டே மணிக்கட்டைத் தூக்கிக் காட்டி, “அதான் இதுல வந்துச்சல்லங்க? ஊருக்கே சல்லடை கட்டிக் குடுத்திருக்கறேன், ஊட்டுக்காரர் இப்படிக் கேக்கறீங்களே” என்றாள். விளையாட்டாகச் சொன்னதுதான். அவன் முகம் சுருங்கியதை அவள் பார்த்தாள், மறந்துவிட்டாள். அதன் பிறகு அவன் வீட்டில் எதையும் கேட்டதில்லை.

கடைசிக் கேள்வி இன்று ஒன்று பத்தொன்பதுக்குப் பதிவாகியிருந்தது.

“ஆறு மணிக்குக் கையெழுத்துப் போடோணுமாமா. நீ போகச் சொல்றயா, வேண்டாங்கறயா ஒண்ணுந் தெரியல. எனக்குப் போக இஷ்டமில்ல அம்மணி. சாப்ட்டயா?”

தர்ஷினி மேசையில் தலையைச் சாய்த்து அழுதாள். காப்பு தன் கடமையைச் செய்தது. “கண்ணில் நீர். அறையில் தூசி இருக்கலாம்” என்று நானூறு பேருக்கும் அறிவித்தது.

அவள் நிமிர்ந்து திரையைப் பார்த்தாள். அழி என்ற கட்டளை தயாராக இருந்தது. அழித்துவிட்டால் பிரணவின் மூவாயிரம் கேள்விகளோடு மற்றவர்களுடையதும் போய்விடும். மீதி ஆறாயிரம் பேர் யாரிடம் என்ன கேட்டுக்கொண்டிருந்தார்களோ! அவர்களுக்குப் பதில் சொல்ல யாராவது காத்திருந்தார்களோ என்னவோ! அவள் கட்டளையை மாற்றி எழுதினாள்: உரியவரிடம் சேர். வேலை போய்விடும் என்று தெரிந்துதான் எழுதினாள். மூன்று நாற்பதுக்குப் பொத்தானை அழுத்தினாள்.

காந்திபுரத்தில் பேருந்துகள் நின்றன. ஓட்டுகிறவர்கள் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒன்றும் தவறவிட்டுவிடக் கூடாது என்று. சிலர் சிரித்தார்கள். செத்துப்போன அண்ணன் “மாத்திரை போட்டயாடா?” என்று அதட்டுவதைக் கேட்டு ஒருவர் கடைவாசலிலேயே குந்திவிட்டார். எதிரெதிர் வீட்டுக்காரிகள் இருவர் எட்டு வருடப் பகையோடு வாசலுக்கு வந்து, ஒருத்தியை ஒருத்தி பார்த்து, “ஏனக்கா, அத்தன நாளும் கேட்டுட்டா இருந்தீங்க?” என்றார்கள்.

யஷ்வந்த் கதவைத் தள்ளிக்கொண்டு கத்த வந்தவர், கத்தவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

“எங்கம்மா” என்றார். அவருடைய அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. “‘நனஞ்சு போயிட்டு வந்தயே, தலையத் தொவட்டுனயாடா?’ங்கறாங்க. எப்பக் கேட்டதுன்னு தெரியல. நான் பதிலே சொல்லலீங்க தர்ஷினி.”

“நானும் சொல்லலீங்க” என்றாள் தர்ஷினி.

ஐந்தே முக்காலுக்கு அவள் வீட்டுப் படியேறினாள். பிரணவின் கீற்றைப் பார்க்கப் பயந்து காப்பைக் கழற்றிக் கைப்பையில் போட்டிருந்தாள். போக வேண்டாமென்று அவனைக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று வழியெல்லாம் நினைத்தாள், ஆனால் ஒன்பது வருடத்துக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கதவு திறந்திருந்தது. பிரணவ் வேலைச் சட்டையோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தான். உடுமலையிலிருந்து அவ்வளவு சீக்கிரம் வர வேண்டுமென்றால் நாலு மணிக்கே கிளம்பியிருக்க வேண்டும்.

“கையெழுத்துப் போடலீங்களா?”

“இல்ல.”

“நீங்க கேட்டதெல்லாம் கேட்டேனுங்க” என்றாள்.

“நீ கேட்டதயும் நான் கேட்டேன்.”

அவளுக்குப் புரியவில்லை. பிரணவ் தன் காப்பை அவள் காதருகே நீட்டினான். அவளுடைய குரல்தான். “போறீங்களா?” கொஞ்சம் இடைவெளி. “போறீங்களா?” இந்த ஒரு மாதத்தில், வேலைக்கு நடுவே, பேருந்தில், கழிவறையில் நின்றபடி அவள் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் “முடிவாகவில்லை” என்று காதில் விடை வந்தது. விடை வந்துவிட்டதால் கேள்வி போகவில்லை என்பது, அந்தச் சல்லடையைச் செய்தவளுக்கே தோன்றவில்லை. அவளுடையதும் கப்பியில்தான் கிடந்திருக்கிறது.

“நாப்பத்தியோரு தடவ” என்றான் பிரணவ். “ஒரு தடவ நேர்ல கேட்டிருந்தா என்ன?”

“நீங்க மட்டும் கேட்டீங்களா? போகாதுன்னு தெரிஞ்சும் எதுக்குங்க தெனமும் காப்புக்கிட்டயே கேட்டீங்க?”

“போகாதுன்னு தெரியும். அதனாலதான் தைரியமாக் கேட்டேன்.” அவன் சட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “நேர்ல கேட்டா நீ சிரிப்பே.”

தர்ஷினி சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பா இறந்த வாரத்தில் ஒரு வாய்கூட இறங்கவில்லை என்றும், பசித்தது என்றும், யாரும் கேட்கவில்லை என்றும், காப்பு மட்டும் தண்ணீர் குடித்ததைச் சாப்பிட்டதாக எழுதியது என்றும் சொன்னாள். இரண்டு பேரும் நின்றபடியே வெகுநேரம் பேசினார்கள். உட்கார வேண்டும் என்றே தோன்றவில்லை.

தர்ஷினிக்கு வேலை போகவில்லை. அதற்கு மாறாக ஊரே அழுது சிரித்ததைக் கீற்றகம் கவனமாக ஆராய்ந்தது. மனிதர்களுக்கு விடை மட்டும் போதாது, யாராவது கேட்கவும் வேண்டும் என்று கண்டுபிடித்து அறிக்கை வெளியிட்டது. மூன்றே மாதத்தில் கேட்பான் என்ற புதிய வசதி வந்தது. நமக்கு வேண்டியவர்களிடம், நம் குரலிலேயே, தக்க நேரத்தில் காப்பே கேட்டுவிடும். சாப்ட்டயா, தூங்குனயா, மாத்திரை போட்டயா. கேட்கப்பட்டவரின் காப்பே பதிலும் சொல்லிவிடும். கோயம்புத்தூரில் ஒரு நாளைக்கு ஒன்பது கோடி அன்பான கேள்விகள் கேட்கப்படுவதாக யஷ்வந்த் மேடையில் அறிவித்தார். முதல் வாரம் எல்லோரும் நெகிழ்ந்தார்கள். ஒரு மாதம் கழித்து ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தர்ஷினி சாப்பிட உட்கார்ந்தாள். சற்று முன்புதான் பிரணவின் காப்பு அவன் குரலில் “சாப்ட்டயா?” என்று கேட்க, அவள் காப்பு அவள் குரலில் “இனிமேல்தான்” என்று பதிலும் சொல்லியிருந்தது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. இப்போது அவள் சாப்பிட ஆரம்பித்துவிட்டதால் கேட்பான் அடங்கிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருப்பவரிடம் சாப்பிட்டாயா என்று கேட்கும் அளவுக்கு அது முட்டாள் இல்லை.

பிரணவ் ரசக் கிண்ணத்தோடு அடுப்படியிலிருந்து வந்தான். அவள் தட்டில் பாதிச் சோறு, கையில் ஒரு கவளம், வாயில் ஒரு கவளம். அவன் எதிரில் உட்கார்ந்து அவளை நன்றாகப் பார்த்தான்.

“சாப்ட்டயா அம்மணி?” என்று கேட்டான்.

“இன்னுமில்லீங்க” என்றாள் தர்ஷினி, வாய் நிறையச் சோற்றோடு.

அவள் மணிக்கட்டில் காப்பு இரண்டு முறை சிவப்பாக மினுங்கி, “விடையில் பிழை. சரிபார்க்கவும்” என்று எழுதியது. பிரணவ் ஒரு கரண்டி ரசம் ஊற்றினான்.