பனிக்கு மின்சாரம்

உலகத்தில் எந்தப் படையும் எதிரியிடம் தோற்றதில்லை. அணைக்காமல் விட்ட விளக்குகளிடம்தான் தோற்றிருக்கிறது. எங்கள் முகாமின் மின்சிக்கன அதிகாரி ஹாவர்காம்ப் இதைச் சொல்லும்போது சிரிக்கவே மாட்டார். ரோமாபுரி விழுந்ததற்கும் இதுதான் காரணமாம். ரோமில் எத்தனை பல்பு இருந்தது என்று கேட்கும் அளவுக்கு, அவருடைய உதவியாளனான என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை.

வருடம் முடிவதற்குள் மின்செலவைக் குறைத்துக் காட்டினால் அலாஸ்காவிலிருந்து அவருக்கு ஹவாய்க்கு மாற்றல். அதற்காக அவர் சிப்பாய்களின் காபி மெஷின்களைப் பறித்தார். குளிக்கிற வெந்நீரில் கை வைத்தார். 'விளக்கை அணையுங்கள்' என்று வாசலில் பலகை வைத்து, அது இருட்டில் தெரிய வேண்டுமே என்று இரண்டு ஃபோகஸ் லைட் போட்டார். கதவைத் திறந்து போட்டபடியே சூடேற்றப்படும் விமானக் கொட்டகையை மட்டும் தொடவில்லை. அது ஜெனரலுடையது.

மிச்சமிருந்தது பதினேழாம் கம்பம்.

எங்கள் குளிரில் வண்டிகளையும் சூடாக வைத்திருக்க வேண்டும். நிறுத்துமிடத்தில் வண்டிக்கு ஒரு கம்பம்; அதிலிருந்து வயர் இழுத்து எஞ்சின் ஹீட்டரில் சொருகாவிட்டால் காலையில் ஆயில் களியாகிவிடும். பதினேழில் வண்டியே இல்லை. வெறும் பனிமேல் ஒரு வயர் கிடந்தது. ஆனால் அந்தக் கம்பம் ஒரு குடியிருப்பே குடிக்கும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருந்தது.

நாங்கள் போனது மத்தியானம்தான். டிசம்பரில் எங்கள் மத்தியானமும் இருட்டுதான். மூச்சு முகத்துக்கு முன்னாலேயே உறைந்து உதிர்ந்தது. எரிந்த டீசல் வாடை மேலே போக மனமில்லாமல் முழங்கால் உயரத்தில் தொங்கியது.

"யாருக்கும்மா இது? பனிக்கா?" என்றார் ஹாவர்காம்ப்.

"பிரிச்சர்டுக்கு சார்," என்றாள் வண்டிப் பிரிவு சார்ஜென்ட் ரொசாரியோ.

"எங்க அவன்?"

"அதான் தெரியல. உங்கள மாதிரியே முன்னாடி ஒரு சிக்கனக்காரர் இருந்தாரு. ராத்திரி கம்பத்தையெல்லாம் அணைச்சுட்டாரு. காலைல பிரிச்சர்ட் பாதி சூட்டுல வண்டிய எடுத்துக்கிட்டு, சுடுற பயிற்சி நடக்குற ரேஞ்ச் ரோட்டுப் பக்கம் போனான். வண்டியும் கெடைக்கல, ஆளும் கெடைக்கல. திரும்பி வந்தா சொருகிக்கட்டும்னு தினம் வயர விரிச்சு வைக்கிறோம்."

"பேஷ். கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குப் பாலும் பிஸ்கட்டும் வைக்கிறதில்லையா?"

"அது ஆபீசர்ஸ் மெஸ்ல வைக்கிறாங்க சார்."

ஹாவர்காம்ப் கம்பத்துப் பெட்டிக்குள் இருந்த சுவிட்சைத் தட்டினார். பெட்டியைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். மீட்டர் நின்றது.

"பாத்தியா தம்பி? பேய் ஒரே தட்டுல செத்துடுச்சு. கரண்ட் கசிவுக்கு இவங்க வச்ச பேரு பிரிச்சர்ட்."

அடுத்து ரேஞ்ச் ரோட்டின் கடைசியில் இருக்கும் கிடங்கைச் சோதிக்கக் கிளம்பினோம். வழியெல்லாம் ஹவாயில் வாங்கப்போகும் படகைப் பற்றிப் பேசிக்கொண்டே ஓட்டினார்.

பாதி வழியில் எஞ்சின் நின்றது.

இருமவில்லை, திணறவில்லை. நின்றது. விளக்குகளும் போயின. என் போன் குளிரில் செத்திருந்தது. அவருடையதும்தான்.

சாவியைத் திருகினார். திருகிக்கொண்டே இருந்தார். கண்ணாடிகளின் உட்புறம் உறைபனி மெல்லிய சத்தத்தோடு படர்ந்தது. உள்ளே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் ஹீட்டரே வேண்டாம் என்று சுற்றறிக்கை விட்ட மனிதர், என் ஸ்வெட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ஒரு வண்டி வந்தது.

வெளிச்சம் இல்லை. எஞ்சின் சத்தமும் இல்லை. டயருக்கடியில் பனி நொறுங்கும் சத்தம் மட்டும். எங்களை ஒட்டி வந்து நின்றது. உறைந்துபோன ஆயிலின் பழைய வாடை உள்ளே நுழைந்தது.

கதவு திறக்கும் சத்தம்.

காலடிகள்.

அவர் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு உள்ளங்கை பதிந்தது. மனிதக் கை பட்டால் பனி உருகும். இது பட்ட இடத்தில் பனி தடித்தது. விரல் விரலாகத் தடித்தது.

"சார்."

மரியாதையான, களைத்த குரல்.

"கம்பத்துல கரண்ட் இல்ல சார்."

ஹாவர்காம்ப் சாவியை மறுபடி திருகினார்.

"முகாம் வரைக்கும் வந்துட்டேன் சார். சொருகிப் பாத்தேன். இல்ல."

"போ... போட்டுடறேன்," என்று கிசுகிசுத்தார் ரோமாபுரியின் வீழ்ச்சியை விளக்கியவர்.

"சரி சார். நான் பின்னாடியே வர்றேன்."

எங்கள் எஞ்சின் தானாக உறுமியது.

திரும்பும் வழியில் அவர் ஒருமுறைகூடப் பின்கண்ணாடியைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

நிறுத்துமிடத்தில் யாரும் இல்லை. ஹாவர்காம்ப் பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டார். பிறகு மண்டியிட்டு, காலியான இடத்தில் வயரை நேராக, பனி தட்டி, விரித்து வைத்தார்.

"சார், அப்ப ஹவாய்?"

"வாய மூடு."

நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயரின் முனை பனியிலிருந்து எழும்பியது. இடுப்பு உயரத்தில் நின்றது. மெதுவாக முன்னே நகர்ந்தது. கம்பத்திலிருந்து இறுகி, விறைத்து, நடுங்கியது. மறுமுனையில் யாரும் இல்லை.

ஹாவர்காம்ப் என் பக்கம் திரும்பாமல், "எட்டல போல," என்று முணுமுணுத்து, கம்பத்தில் சுற்றியிருந்த வயரில் இன்னும் இரண்டு சுற்றை அவிழ்த்துவிட்டார்.