ஐந்தாம் கட்டிலுக்குச் சொல்லிவிட்டீர்களா?

பயம் என்ற உறுப்பே இல்லாமல் பிறந்த ஒரே மனிதன் நான்தான். எங்கள் கல்லூரி விடுதியில் இதற்குச் சாட்சிகள் உண்டு. அதனால்தான் அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, அம்மா வெளியே உட்கார்ந்துகொண்டு என்னை உள்ளே அனுப்பினாள்.

வெளியே பட்டப்பகல். உள்ளே ஜன்னலே இல்லை. குளிர். மருந்து நெடி. மூச்சுக் கருவிகளின் புஸ்... புஸ்... நான்காம் கட்டிலில் அப்பா, வாயில் குழாயோடு. ஐந்தாம் கட்டில் காலி.

"சிஸ்டர், அப்பா எப்படி இருக்காரு?"

"டாக்டர் சொல்லுவாரு தம்பி."

"பொழைச்சுடுவாரா?"

"டாக்டர் வருவாரு."

சிஸ்டர் அப்பாவின் காதருகே குனிந்தார். "ஐயா, சளி எடுக்கப் போறேன். இருமல் வரும், பயப்படாதீங்க."

மயக்கத்தில் இருப்பவரிடம் முன்னறிவிப்பு! அதோடு விட்டாரா? வேலை முடிந்ததும் காலிக் கட்டில் பக்கம் திரும்பினார். குரல் தாழ்ந்தது.

"பெரியவரே, இவருக்கு பிரஷர் இறங்கிட்டே இருக்கு. மருந்தைக் கூட்டியும் ஏறலை."

"பெத்த பையன் கேட்டா டாக்டர் சொல்வாரு, மெத்தைக்கு மட்டும் முழு விவரமா? மெத்தை என்ன எங்க பங்காளியா?"

சிஸ்டர் சிரிக்கவில்லை.

"அதுல இருந்தவரு, 'வெளிய என் பொண்ணு உக்காந்திருக்கா, என் நிலைமையை அவகிட்ட சொல்லிடுங்க'ன்னு கேட்டுட்டே இருந்தாரு. டாக்டர் சொல்லுவாருன்னு நாங்க விட்டுட்டோம். யாருமே சொல்லலை. அவர் போனதுகூட அவளுக்குத் தெரியலை." தலையணையைப் பார்த்தபடி சொன்னார். "இப்ப சொல்லாம எது செஞ்சாலும் அவருக்குப் பிடிக்கறதில்ல."

"பிடிக்கலைன்னா என்ன பண்ணுவாரு, எழுந்து வீட்டுக்குப் போயிடுவாரா?"

என் பையைத் தூக்கி அந்தக் கட்டிலின் நடுவில் போட்டேன்.

அப்பாவின் கருவி அலறியது.

எதிர்க் கட்டிலுடையது. அதற்கடுத்ததும்.

வார்டு முழுவதும்.

"எடுங்க தம்பி! சொல்லிட்டு எடுங்க!"

சொல்லாமல்தான் இழுத்தேன். ஒரு துண்டும் சீப்பும் மட்டுமே இருந்த பை.

அசையவில்லை.

"சின்னப் பையன். விட்டுடுங்க பெரியவரே," என்று சிஸ்டர் கிசுகிசுத்தார்.

பை சட்டென்று கைக்கு வந்தது. எல்லாக் கருவிகளும் ஓய்ந்தன.

அப்பாவுடையதைத் தவிர.

டாக்டர்கள் ஓடி வந்தார்கள். திரை சரக்கென்று மூடியது. கீழே செருப்புக் கால்கள் மட்டும் தெரிந்தன.

"என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்களேன்!"

"தள்ளி நில்லுங்க!"

தள்ளி நின்றேன். இடுப்பில் ஐந்தாம் கட்டில் இடித்தது. பை இருந்த இடத்தில் ஓர் ஆள் நீளத்துக்கு மெத்தை பள்ளமாக இருந்தது. வெளியே போய் அம்மாவிடம் நான் என்ன சொல்வது?

சுற்றிலும் ஒருமுறை பார்த்தேன். யாரும் கவனிக்கவில்லை. தலையணை அருகே குனிந்தேன்.

"ஐயா... பையைப் போட்டதுக்கு மன்னிச்சுடுங்க. எங்கப்பா எப்படி இருக்காரு? அம்மா வெளிய உக்காந்திருக்காங்க. அவங்களுக்கு யாராவது சொல்லணும்ல..."



மெத்தையில் இருந்த பள்ளம் மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது.

பக்கத்தில் இன்னொருவர் படுக்க இடம் விட்டு.