இரண்டாயிரம் டிக்

டிக்.

சில்லு மைதானத்துக்குள் காலை வைத்ததும் அந்தச் சத்தம் கேட்டது. வாசலில் நின்ற நகரமன்ற அதிகாரியின் கையில் ஒரு சின்ன உலோகக் கருவி. ஒவ்வோர் ஆள் உள்ளே வரும்போதும் கட்டைவிரலால் அதை ஒரு அமுக்கு அமுக்குவார். எண் ஒன்று கூடும்.

"சார், நான் எத்தனையாவது?"

"அறுநூத்திப் பன்னெண்டு. வழிய மறைக்காதம்மா."

"எங்கம்மா?"

"அறுநூத்திப் பதிமூணு. நகரு, நகரு!"

சில்லுவுக்குப் பத்து வயது. வீட்டில் வைத்த பெயர் வேறு. அக்கா உதைத்த பந்து முன்பல்லில் பட்டு ஓரம் பெயர்ந்த நாளிலிருந்து எல்லோருக்கும் அவள் சில்லுதான். பல்லைப் பெயர்த்த அந்த அக்காதான் இன்று ஒன்பதாம் எண் சட்டையில் ஆடப் போகிறாள்.

சும்மா விளையாட்டு இல்லை. அக்கா சம்பளம் வாங்கி ஆடுகிறவள். சம்பளம் கொஞ்சம்தான், அதனால் காலையில் சலவைக்கடையிலும் வேலை பார்க்கிறாள். அவளுடைய அணி உடை மாற்றுவது புல்வெட்டும் இயந்திரத்துக்கும் சுண்ணாம்பு மூட்டைகளுக்கும் நடுவில். ஆண்கள் அணிக்கு நகரமன்றம் கட்டிக் கொடுத்த மைதானத்தில் குளிக்க மட்டும் பன்னிரண்டு அறைகள் இருக்கின்றன.

பெண்களுக்கும் ஒரு மைதானம் கட்டிக் கொடுங்கள் என்று கேட்டபோது நகரமன்றம் ஒரு நிபந்தனை போட்டது. "இந்த வருடம் ஓர் ஆட்டத்துக்காவது இரண்டாயிரம் பேர் வரட்டும். வந்தால் பொதுப்பணம் தருகிறோம். வராவிட்டால் இல்லை."

இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், இந்தப் பழைய மைதானத்துக்குள் ஒரே நேரத்தில் ஆயிரத்து எண்ணூறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அது தீயணைப்புத் துறையின் விதி. ஆயிரத்து எண்ணூறு ஆனதும் கேட்டைச் சாத்திவிடுவார்கள்.

"ஒரு தடவைகூட இரண்டாயிரம் பேர் வரலியே! பொம்பளைங்க ஆடுறத யாரு பாக்குறா?" என்று நகரமன்ற உறுப்பினர் ஒருவர் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருந்தார். சின்னக் குவளையைக் கையில் கொடுத்துவிட்டு, 'இவ்வளவுதான் குடிப்பியா?' என்று கேட்கிற மாதிரி.

இன்று கடைசி ஆட்டம்.

இன்றும் இரண்டாயிரம் வரவில்லை என்றால் அணியைக் கலைத்துவிடுவார்கள். ஒன்பது மணி நேர ரயில் தூரத்தில் இருக்கும் இன்னொரு நகரத்து அணி அக்காவைத் தன்னிடம் வந்து ஆடச் சொல்லிக் கடிதம் போட்டிருந்தது. கடிதம் குளிர்சாதனப் பெட்டியின் மேல் கிடந்தது. சில்லு அதன் மேல் தினமும் எதையாவது தூக்கி வைத்து மறைத்தாள். மறுநாள் அது மறுபடி மேலே வந்து உட்கார்ந்திருந்தது.

இருபதாவது நிமிடத்தில் அக்கா ஒரு கோல் போட்டாள். அம்மா எழுந்து குதித்ததில் முன் வரிசைக்காரரின் தொப்பி பறந்தது. அடுத்த பத்தாவது நிமிடத்தில் எதிரணி ஒன்று திருப்பிப் போட்டது. முதல் பாதி முடிந்தபோது ஒன்றுக்கு ஒன்று.

சில்லு கேட் பக்கம் ஓடினாள். அப்பா வந்துவிட்டாரா?

வந்திருந்தார். ஆனால் கம்பிக்கு அந்தப் பக்கம்.

அப்பா பேருந்து ஓட்டுநர். அக்கா ஆடும் நேரமெல்லாம் அவருக்கு வேலை நேரம். மகள் ஆடி ஒருமுறைகூட அவர் பார்த்ததில்லை. இன்று நண்பரிடம் கெஞ்சி வேலையை மாற்றிக்கொண்டு, சீருடையைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். அதற்குள் கேட்டைச் சாத்திவிட்டார்கள். அவருக்கு முன்னால் நீண்ட வரிசை.

"சார், அது எங்கப்பா. ஒன்பதாம் நம்பர் எங்கக்கா. அவர உள்ள விடுங்க சார்."

"ஆயிரத்தி எண்ணூறு ஆயிடுச்சு. இனிமே ஒரு ஈகூட உள்ள வர முடியாது."

"ஈயையும் எண்ணுவீங்களா?"

அதிகாரிக்குச் சிரிப்பு வந்தது. இருமுவது போல மறைத்துக்கொண்டார்.

"சரி, நான் வெளிய போனா?"

"போனா ஓர் இடம் காலி. ஒருத்தரை விடலாம். ஆனா இடம் கிடைக்குமேன்னு எத்தனை பேரு நிக்கிறாங்க, பாத்தியில்ல? நீ திரும்பி வர முடியாது."

சில்லு திரும்பி மைதானத்தைப் பார்த்தாள். அக்கா புல்லில் உட்கார்ந்து காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டிருந்தாள். சில்லு அதிகாரியின் பக்கம் திரும்பினாள்.

"சரி," என்றாள்.

வரிசையில் முதலில் நின்ற பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். "பெத்த பொண்ணு ஆடுறா. நீங்க முன்னாடி போங்கண்ணே," என்று அப்பாவை முன்னால் கூப்பிட்டு வழிவிட்டார்.

"வேணாம் குட்டி. நீ பாரு. நான் சத்தத்தைக் கேட்டுக்கிறேன்," என்றார் அப்பா.

"நான் பாதி பாத்துட்டேன்பா. மீதிய நீ பாத்துட்டு எனக்குச் சொல்லு."

அவள் வெளியே வந்தாள். அப்பா உள்ளே போனார்.

டிக்.

சில்லுவின் கண் அந்தக் கருவியில் போய் நின்றது.

"சார்! ஆயிரத்தி எண்ணூத்தி ஒண்ணு!"

"ஆமா. உள்ள வர்ற ஆளை எண்ணச் சொன்னாங்க. எண்ணுறேன்."

"வெளிய வந்த என்னைக் கழிக்கலியே?"

அதிகாரி சட்டைப்பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். ஒருமுறை படித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார்.

"'உள்ளே வந்து ஆட்டம் பார்த்தவர்கள்.' அவ்வளவுதான் எழுதியிருக்கு. நீ உள்ள வந்தியா?"

"வந்தேன்."

"ஆட்டம் பாத்தியா?"

"பாத்தேன்."

"அப்ப கழிக்க முடியாது. விதின்னா விதி."

சில்லு வரிசையை எண்ணினாள். கடைசிவரை ஓடிப் போய் எண்ணினாள். திரும்பி வரும்போது மறுபடி எண்ணினாள். நூற்றுத் தொண்ணூற்றெட்டு பேர். எல்லோரும் உள்ளே போனால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது.

ஒரே ஓர் ஆள் குறைகிறது! அது பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் உள்ளே இருப்பவர்கள் வெளியே வர வேண்டுமே. அறிவிப்பாளர் கூண்டின் ஜன்னல் தெருப் பக்கம் திறந்திருந்தது. ஒலிபெருக்கியில் பேசுவது அவளுடைய பள்ளியின் விளையாட்டு டீச்சர். சில்லு ஜன்னலைத் தட்டினாள்.

"சில்லு! நீ எப்படி வெளிய போன? உங்கக்கா உள்ள ஆடுறா!"

சில்லு மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். இடைவேளை முடிய ஆறு நிமிடம். உடனே ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"எல்லாரும் கேளுங்க! வெளியில இருநூறு பேர் வெயில்ல நிக்கிறாங்க. நீங்க பாதி ஆட்டம் பாத்தாச்சு. மீதிப் பாதிய அவங்களுக்குக் குடுத்தீங்கன்னா, இன்னைக்கு இரண்டாயிரம் ஆயிடும். புது மைதானம் கிடைச்சிடும். யாரெல்லாம் வர்றீங்க?"

யாரும் எழவில்லை. ஒன்றுக்கு ஒன்று என்று நிற்கும் ஆட்டத்தை யார் விட்டுவிட்டுப் போவார்கள்? ஒருவர் காலணி நாடாவைக் கட்ட ஆரம்பித்தார். கட்டி முடித்து, மறுபடி அவிழ்த்துக் கட்டினார்.

அம்மா எழுந்தாள்.

"ஆடுறது நான் பெத்த பொண்ணு. ஒரு ஆட்டம் நான் விட்டதில்ல. நானே போறேன். உங்களுக்கெல்லாம் என்ன, நாற்காலியில பசையா ஒட்டியிருக்கு?"

அம்மா நடந்தாள். தொப்பி பறந்த முன் வரிசைக்காரர், "இந்தம்மா பின்னாடி இல்லாம ஆட்டத்துல என்ன சுவை இருக்கு?" என்று கிளம்பினார். அவர் பின்னால் ஒரு கல்லூரிக் கூட்டம். அதன் பின்னால் காலணிக்காரர், நாடாவைக் கட்டாமலே.

ஒருவர் வெளியே. ஒருவர் உள்ளே. டிக். டிக். டிக்.

இரண்டாம் பாதி தொடங்கியது. ஆயிரத்துத் தொள்ளாயிரம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது. பிறகு வேகம் குறைந்தது. ஆட்டம் சூடு பிடிக்கப் பிடிக்க எழுந்து வர யாருக்கும் மனம் வரவில்லை. நன்றாக ஆடித் தொலைக்கிறார்களே என்று சில்லுவுக்கு முதல்முறையாக அக்கா அணியின் மேல் கோபம் வந்தது.

"சார், உங்களுக்குப் புது மைதானம் வேணுமா, வேணாமா?"

"எங்க தெருவுல சாக்கடை உடைஞ்சு மூணு மாசமாச்சு. அதுக்கே பணமில்லங்கிறாங்க."

"அதையும் சரி பண்ணணும் சார்."

"பண்ணணும்." டிக். "ஆனா ஆண்கள் மைதானத்துக்குக் கூரைய மட்டும் மூணு தடவ மாத்தினாங்க. அப்ப யாரும் என்னை எண்ணச் சொல்லல."

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது வரிசையின் கடைசி ஆள் உள்ளே போனார்.

1999.

சில்லு தெருவைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பூட்டிய கிடங்குகள். சைக்கிளில் போன தபால்காரரை ஓடிப் போய் மறித்தாள். "எனக்கு இன்னும் நூறு வீடு பாக்கி பாப்பா," என்று அவர் பறந்துவிட்டார். வெளியே நின்றவர்கள் எல்லோரும் ஏற்கெனவே எண்ணப்பட்டவர்கள். ஒரு நாய் மட்டும் வாலாட்டியது.

"கேக்காத," என்றார் அதிகாரி. "நாயை எண்ண முடியாது."

"நீங்க?"

"நான் வேலையில இருக்கேன். ஆட்டம் பாக்கல."

அப்போது அழும் குழந்தையுடன் ஒரு பெண் வெளியே வந்தார். உள்ளே ஓர் இடம் காலி. நிரப்பத்தான் ஆள் இல்லை.

உள்ளே விசில் ஊதியது. ஆயிரத்துச் சொச்சம் தொண்டைகள் கத்தின. ஒலிபெருக்கியில் டீச்சரின் குரல் நடுங்கியது. "பெனால்டி! ஒன்பதாம் எண் உதைக்கப் போகிறார்!"

ஒன்பதாம் எண். அக்கா! கோல்காவலருக்கும் அவளுக்கும் நடுவில் யாருமே இல்லாத உதை.

அதிகாரி கேட்டைக் கொஞ்சம் திறந்தார். "இனிமே யாரு வரப் போறா? ஓர் இடம் காலியா இருக்கு. உன்னை மறுபடி எண்ண முடியாது. ஆனா நீ போய்ப் பாத்துக்கலாம். ஓடு!"

சில்லு ஓட ஒரு கால் வைத்தாள்.

ஒரு கார் வந்து நின்றது. அந்த நகரமன்ற உறுப்பினர் இறங்கினார். எண்ணிக்கைத் தாளை வாங்கிப் போக வந்தவர். "என்னய்யா, வழக்கம்போல ஆயிரத்தி எண்ணூறுதானே? அது என்ன உள்ள இவ்வளவு சத்தம்?"

"பெனால்டி சார்," என்றார் அதிகாரி.

"பெனால்டியா?" அவர் கழுத்து தானாக நீண்டது. எந்த மைதானத்துக்குள்ளும் போக அவரிடம் இலவச அட்டை உண்டு. பெண்கள் ஆட்டத்துக்கு அதை ஒருமுறையும் அவர் எடுத்ததில்லை.

சில்லுவின் ஒரு கால் இன்னும் கேட்டுக்குள்தான் இருந்தது. இன்னும் ஓர் அடி வைத்தால் அக்காவைப் பார்த்துவிடலாம்.

அவள் காலைப் பின்னால் எடுத்தாள்.

"சார், ஒரே ஓர் இடம் இருக்கு. நீங்க போறீங்களா? சீக்கிரம், இப்ப உதைக்கப் போறாங்க!"

உறுப்பினர் வேட்டுச் சத்தம் கேட்டவர் போலப் பாய்ந்து உள்ளே போனார்.

டிக்.

சில்லு கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே ஒரே அமைதி. பிறகு ஒரு தட் சத்தம். பிறகு, "அய்யய்யோ!"

கண்ணைத் திறந்தபோது சுவருக்கு மேலே, வானத்திலிருந்து, ஒரு பந்து அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள்.

கடைசி விசில் ஊதியது. ஒன்றுக்கு ஒன்று.

உறுப்பினர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "நல்லாத்தான்யா ஆடுறாங்க! சே, கோலுக்குள்ள போயிருக்க வேண்டிய பந்து. சரி, எத்தனை?"

"இரண்டாயிரம் சார்."

"என்னது? அது எப்படி? யாரு கடைசி ஆள்?"

"நீங்கதான் சார்."

"நானா? நான் எப்படிக் கணக்குல வருவேன்?"

"உள்ள வந்தீங்களா சார்?"

"வந்தேன்..."

"ஆட்டம் பாத்தீங்களா?"

உறுப்பினர் வாயைத் திறந்தார். சுற்றி நின்ற இருநூறு பேரைப் பார்த்தார். "பாத்தேன்," என்றார் மெதுவாக.

"அப்ப கழிக்க முடியாது. விதின்னா விதி. இங்க ஒரு கையெழுத்து போடுங்க."

அக்கா சேறு படிந்த காலுறையோடு அழுதுகொண்டே வந்தாள். அப்பா அவள் தோளைப் பிடித்தபடி கூடவே வந்தார்.

"அத்தனை பேருக்கு முன்னாடி பந்தை வானத்துல உதைச்சுட்டேன்டி சில்லு!"

"எத்தனை பேருக்குன்னு கேளுக்கா."

"எத்தனை பேரா இருந்தா என்ன?"

அதிகாரி கருவியை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். அக்கா பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன.

"அந்தக் கடிதத்தை எடுத்துக் கிழிச்சிடலாமாக்கா?" என்றாள் சில்லு.

"நானே கிழிக்கிறேன்டி." அக்கா மூக்கை உறிஞ்சினாள். "ஆனா அந்தக் கேவலமான உதைய நீயுமா பாத்த?"

சில்லு முதுகுக்குப் பின்னாலிருந்து பந்தை எடுத்து நீட்டினாள். சில்லுப் பல் தெரியச் சிரித்தாள்.

"நான் பாக்கலக்கா. புடிச்சேன்."