இரண்டாவது விளக்கு

சிவகாசியில் இருந்த அந்தக் காலண்டர் அச்சகத்தின் சர்வர் அறைக்குச் சன்னல் கிடையாது. பகலிலும் இருட்டு. அதைக் கவனித்துவந்த மாரிக்கண்ணனின் வேலையை, அவன் போன பிறகு முதலாளி அவன் மனைவி செல்வலட்சுமிக்கே கொடுத்திருந்தார். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் பழுதுபார்க்கப் போனவன், வெடிவிபத்தில் சிக்கி ஆஸ்பத்திரியில் இறந்தான். உடம்பெல்லாம் கட்டு. கடைசிவரை அவளைத் தொட விடவில்லை.

சர்வரின் பின்புறம் இரண்டு பவர் சப்ளைகள். ஒவ்வொன்றிலும் சின்ன விளக்கு. பச்சை என்றால் நலம், செம்மஞ்சள் என்றால் பழுது. அவன் இருந்தபோது சோறு கொண்டுவந்து, முதன்முதலில் செம்மஞ்சளைப் பார்த்த அன்று, பட்டாசு ஒட்டிப் பழகியவள், அணையாத திரியென்று தண்ணீர்ச் செம்பைத் தூக்கிவிட்டாள்.

"ஏ புள்ள, ஊத்திராத. என் வேலைக்கு வேட்டு வச்சிருவ போலிருக்கே," என்று கையைப் பிடித்துச் சிரித்தான். "ஒண்ணு படுத்தா இன்னொண்ணு மொத்த லோடையும் சுமக்கும்."

அவன் இறந்த வாரம் இரண்டாவது பவர் சப்ளை படுத்தது. வயரைப் பிடுங்கிப் போட்டார்கள். ஆனால் அவள் தனியாக வரும்போதெல்லாம் அது பச்சையாக எரிந்தது.

யாராவது வந்தால் செம்மஞ்சள்.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் இங்கே விடமாட்டார்கள். அப்புறம் அவனை எங்கே போய்ப் பார்ப்பது?

இன்று மேலாளர் நல்லசிவம் புதிய பவர் சப்ளையைக் கொண்டுவந்து வைத்தார். "பழச உருவிட்டு இத மாட்டிரு தாயி. சீசன் நேரம், டிசைன் அம்புட்டும் இந்தச் சர்வருக்குள்ளதான் கெடக்கு."

"சரிங்க அண்ணாச்சி."

"சாப்பிட்டியா இல்லையா?"

"சாப்பிட்டேன்."

அவர் போனதும் பழையதில் பச்சை எரிந்தது.

அதன் மேல் உள்ளங்கையை வைத்தாள். இயந்திரச் சூடு இல்லை அது.

காய்ச்சல் உடம்பின் சூடு.

தீக்காய மருந்தின் வாடை மெல்ல எழுந்தது. அவள் கை வைத்திருக்க வைத்திருக்கச் சூடு கூடியது. அவனைப் பார்க்க வந்ததாகவே இத்தனை நாள் நினைத்திருந்தாள். அவனுக்கு வலிக்கும் என்று ஒருநாளும் நினைக்கவில்லை.

"என்ன இப்படிக் கொதிக்கீக," என்றாள் மெல்ல. "போதும். நீங்க படுங்க. நான் பாத்துக்கிடுதேன்."

கண்ணை மூடிக்கொண்டு உருவினாள். விளக்கு அணைந்தது. கையில் வெறும் தகரம், சில்லென்று.

அதே நேரம் கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒருமுறை கத்தி அடங்கியது. மிச்சமிருந்த பச்சையும் அணைந்தது.

லோடைச் சுமக்க ஒன்றும் மிச்சமில்லை; ஆனாலும் சர்வர் நிற்கவில்லை.

இருட்டில் அதன் விசிறி ஓடிக்கொண்டே இருந்தது.

"படுங்கன்னு சொன்னேன்ல," என்று தேம்பினாள்.

உருவிய இடத்தின் காலிக் குழியிலிருந்து ஒரு மூச்சு அவள் மணிக்கட்டில் பட்டது. சூடு ஏறிக்கொண்டே இருந்தது.